காலையில் எடுத்த அளவு

"குதிரைக்கு நாலு காலும் ஒரே அளவா இருக்குமாப்பா?"

கோவளம் கடற்கரையில் தீபா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மட்டக்குதிரையில் பிள்ளைகளை ஏற்றி மணலில் ஒரு சுற்று அழைத்து வரும் ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தான். கேள்வி அவனுக்குப் பிடித்துப் போயிருக்க வேண்டும். பதில் சொல்லக் குனிந்தான். அதற்குள் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். முதலில் குழந்தையின் முகத்தை, பிறகு பாவாடைக்குக் கீழே தெரிந்த இடது காலை. தசரதன் மகளின் கையைப் பிடித்து, "பேசாம வா" என்று சொல்லிக் கார் நின்ற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவள் குதிரை ஏறவில்லை.

பிறந்ததிலிருந்தே தீபாவின் இடது காலில் நீர் கோத்துக்கொள்ளும். யானைக்கால் இல்லை, கொசுவால் வந்ததில்லை, யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரவெல்லாம் தலையணைமேல் காலை உயர்த்திப் படுத்தால் விடியும்போது வீக்கம் வடிந்து, வலது காலைவிடக் கொஞ்சம்தான் பருமனாக இருக்கும். நடக்க நடக்க, நேரம் ஆக ஆக, பொழுது சாயும்போது கெண்டைக்கால் தூண்போல ஆகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. இறுக்கமான காலுறையும், புண் வராமல் பார்த்துக்கொள்ளும் கவனமும்தான் வைத்தியம். அந்தக் காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் குளிர்ஜுரம் வந்து படுக்கவேண்டியிருக்கும்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சிமெண்ட், கம்பி, குழாய் விற்கும் கடை தசரதனுடையது. கெட்ட மனிதர் இல்லை. கடைக்கு வரும் சித்தாள்களுக்கு மோர் கொடுப்பார். சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவிப்பார். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அவளுடைய காலை யாராவது பார்த்தால் அவருக்கு உடம்பு கூசியது. அன்புக்கும் கூச்சத்துக்கும் ஒரே நெஞ்சில் இடம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டில் எது முந்திக்கொண்டு பேசுகிறது என்பதில்தான் பிள்ளைகளின் தலையெழுத்து இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு தோழியோடு போய், கோவளம் தாண்டி இருக்கும் குதிரைப் பயிற்சிப் பள்ளியில் தீபா தானாகவே சேர்ந்துவிட்டாள். வீட்டில் சொல்லும்போது முதல் மாதப் பயிற்சி முடிந்திருந்தது. தசரதனுக்குக் கோபம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். தரையில் காலை இழுத்து இழுத்து நடக்கும் பெண், சேணத்தில் உட்கார்ந்ததும் வேறு ஆளாக இருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. பழுப்புக் குதிரை அவள் சொல்வதற்குள் அவள் நினைத்த பக்கம் திரும்பியது. திரும்பி வரும் வழியில் கேளம்பாக்கம் தாண்டியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

சிக்கல் பூட்ஸில் வந்தது. சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் அங்கவடியைத் தாங்கும் தோல்வார் கெண்டைக்காலில் உரசிக்கொண்டே இருக்கும். முழங்கால் வரை ஏறும் பூட்ஸ் இருந்தால்தான் சதைக்குப் பாதுகாப்பு. தீபாவுக்கு அந்த வார் ஒருமுறை தோலைக் கிள்ளி, புண்ணாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. சரியான பூட்ஸ் இல்லாமல் இனிக் குதிரைப் பக்கம் போகக்கூடாது, இன்னொரு புண் வந்தால் சவாரியையே மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

தேடினார்கள். இணையத்தில் வரவழைத்த ஜோடியில் இடது கால் ஜிப் பாதியில் நின்றது. அதைவிடப் பெரிய அளவு வாங்கினால் வலது கால் உள்ளே மிதந்தது, குதிகால் எழும்பியது. அகலக் கெண்டைக்காலுக்கு என்றே விற்ற ஒன்று முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. சென்னையில் பெரிய கடை ஒன்றில் விற்பனைப் பையன் காலைப் பார்த்துவிட்டு, தோட்டவேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸை எடுத்து வந்து வைத்தான். தீபா சிரித்துவிட்டாள். தசரதன் சிரிக்கவில்லை.

பயிற்சிப் பள்ளியை நடத்தும் ஹரிபிரசாத்தான் சாஜிதாவைப் பற்றிச் சொன்னார். அனகாபுத்தூரில் ஒரு சந்தில் பட்டறை. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குச் சவாரி பூட்ஸின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறாள். கேட்டால் முழு ஜோடியும் செய்வாள். பள்ளிக்கே மொத்தமாகச் செய்யச் சொல்லப் போகிறேன், முதலில் உங்கள் பெண்ணுக்குச் செய்யட்டும், பார்க்கலாம் என்றார்.

சாஜிதாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவன் முதாசிர் தோல் வெட்டுவான், அவள் தைப்பாள், கணக்கும் பேச்சும் அவளுடையவை. தசரதன் போனில் பேசினார். காலைப் பற்றி அவள் விவரமாகக் கேட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

"அன்னிக்கு மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்மா" என்றார் தசரதன்.

"இன்னா சார், பூட்ஸுக்குமா நல்ல நேரம்? சரி, அஞ்சுக்கு வாங்க. ஆனா சாயந்தரமாத்தான் வரணும். காலு நல்லா வீங்கி கீற நேரம் பாத்துத்தான் நான் டேப்பு வெக்கணும்."

அவர் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். கடைச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. அஸ்திவாரத்துக்கு நாள் பார்ப்பவர்கள், நிலை வைப்பவர்கள் எல்லாரும் அவரிடம்தான் நேரம் கேட்பார்கள். எந்த நாளில் எது எப்போது வரும் என்பது தாளைப் பார்க்காமலே தெரியும். ஐந்து மணியில் ஒரு குறையும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத வீட்டில், கதவு திறந்திருக்கும் சந்தில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பதை மனத்தில் பார்த்தபோது அவர் நாள்காட்டியின் அடுத்த தாளைப் புரட்டினார். முதல் அளவை நல்ல நேரத்தில்தான் எடுக்கவேண்டும், புதன்கிழமை காலையில் நேரம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னார். சாமி பேரைச் சொன்னால் மனைவி சந்திரிகா மறுத்துப் பேசமாட்டாள். நம் கோழைத்தனத்தைக் கடவுளின் ஏற்பாடுபோல மடித்து வைத்துக்கொள்வது எத்தனை சுலபம்.

புதன்கிழமை வெயில் ஏறுவதற்குள் அவர்கள் பட்டறை வாசலில் நின்றார்கள். சாஜிதா அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியது, ஆனாலும் நாற்காலி போட்டாள். தரையில் காகிதம் விரித்துப் பாதத்தை வரைந்தாள். கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலின் கீழ் என்று டேப்பைச் சுற்றினாள். இடது கெண்டைக்காலை மட்டும் இரண்டுமுறை சுற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாயந்தரம் இன்னும் எவ்ளோ ஏறும் தீபா?"

தீபா வாயைத் திறந்தாள். அதற்குள் தசரதன் சொல்லிவிட்டார்: "இவ்ளோதான்மா. இப்பல்லாம் காலுறை போடறாளே, அதுக்கப்புறம் ஏறுறதில்ல."

தீபா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையில் வரைந்திருந்த இரண்டு பாதங்களைப் பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கும் ஒரு நாள் சாயந்தரமா வந்துட்டுப் போயேன்" என்றாள் சாஜிதா. வருகிறோம் என்றார் தசரதன். வரவில்லை. தீபா கலந்துகொள்ளப் போகும் சவாரிப் போட்டி காலையில்தானே நடக்கும், ஞாயிறு பயிற்சியும் காலையில்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாஜிதா இரண்டு தடவை போனில் நினைவுபடுத்தினாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லி நாளைக் கடத்தினார். போட்டித் தேதி நெருங்கியதால் அவள் இருந்த அளவிலேயே, கொஞ்சம் இடம் விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

பூட்ஸ் அழகாக இருந்தது. கறுப்புத் தோல், கண்ணாடிபோல. காலையில் எழுந்தவுடன் தீபா போட்டுப் பார்த்தாள். ஜிப் முழங்கால்வரை தடையில்லாமல் ஏறியது. இரண்டு காலும் ஒன்றுபோலத் தெரிந்தன. தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்திரிகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை வருஷமும் அவர் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

போட்டியன்று விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் எல்லாவற்றையும் பிற்பகலுக்கு மாற்றினார்கள். பிறகு இன்னும் தள்ளிப்போட்டார்கள். தீபா அதுவரை குதிரையைத் தேய்த்துவிட்டுக்கொண்டும் நடத்திக்கொண்டும் நின்றபடியே இருந்தாள். அவள் முறை வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

இடது பூட்ஸின் ஜிப் கெண்டைக்காலின் பாதியில் நின்றுவிட்டது.

தசரதன் ஈரமண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தோலைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். தீபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, ஒரு அஞ்சு நிமிஷந்தான்" என்றார். ஜிப் ஏறிவிட்டது. அவள் குதிரை ஏறினாள்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் இறங்கும்போது தரையில் கால் ஊன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜிப் இப்போது கீழே இறங்கவில்லை. கத்தரியால் பூட்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முழங்காலின் பின்புறம் தோலின் விளிம்பு அறுத்து ரத்தம் கசிந்திருந்தது. சுற்றிலும் ஆட்கள். எல்லாரும் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள்.

"யார் சார் தைச்சது, சாஜிதாவா?" என்று கேட்டார் ஹரிபிரசாத்.

"அவளேதான். அளவெடுக்கவே தெரியல. ஏதோ செருப்பு தைக்கிறவகிட்ட அனுப்பிட்டீங்க" என்றார் தசரதன், நாலு பேர் காதில் விழும்படி.

தீபா தரையில் உட்கார்ந்தபடி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

ஜுரம் அன்றே வந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால் சிவந்து, தொட்டால் சுட்டது. புண் ஆறினாலும் பல மாதங்களுக்குக் குதிரை கூடாது, அதன்பிறகு பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார் மருத்துவர். தீபா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சந்திரிகா வெளியே போனபிறகுதான் பேசினாள்.

"அன்னிக்கு அந்த அக்கா கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்ப்பா. என் மேலயும் தப்பு இருக்கு."

தசரதன் அவள் தலையைத் தடவினார். உன் தப்பு இல்லை என்று சொல்ல வந்தார். அப்படியானால் யாருடையது என்று அடுத்த கேள்வி வருமே. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் சாஜிதா வந்தாள். பையில் சாத்துக்குடி. யார் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. படுக்கையருகே உட்கார்ந்து, தீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் நடந்த ஏதோ கூத்தைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தாள். கிளம்பும்போது வராந்தாவில் தசரதனிடம் நின்றாள்.

"எனக்கு அன்னிக்கே மனசுல பட்டுச்சு சார், காலைல அளவு சரியா வராதுன்னு. நீங்க இன்னா சொன்னாலும் நான் தைச்சிருக்கக் கூடாது. என் தப்புதான். பொண்ணு எழுந்துக்கட்டும், நான் வேற செஞ்சு தரேன்."

இப்போது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. நான் பொய் சொன்னேன். மூன்று வார்த்தைதான். செவிலிப் பெண் ஒருத்தி மருந்துத் தட்டோடு அவர்கள் நடுவே கடந்து போனாள். அவள் போய் முடிவதற்குள் அவருடைய துணிச்சலும் போய்விட்டது. "பரவால்லம்மா" என்றார். மன்னித்துவிட்டவர்போல அந்த வார்த்தை வெளியே வந்தது. அவர் காதிலும் அது அப்படியே விழுந்தது.

தீபா வீட்டுக்கு வந்து சில வாரங்களில் தானாகவே பஸ் பிடித்து, ஒரு சாயங்காலம் அனகாபுத்தூர் போனாள். இம்முறை அவள் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அப்பா சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டு. வீங்கிய காலில், காலுறையின் மேலேயே அளவு எடுத்தார்களாம். இடது பூட்ஸின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கயிறு வைத்து, உள்ளே மெல்லிய மடிப்புத் தோல் கொடுத்து, காலையில் இறுக்கவும் மாலையில் தளர்த்தவும் வசதியாக ஒன்று செய்யப் போகிறாளாம். "ரெண்டும் வேற வேற மாதிரிதான் இருக்கும். பரவால்லியான்னு கேட்டாங்க. பரவால்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். பள்ளிக்கான வேலை சாஜிதா அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அதை நம்பி வாங்கிப்போட்ட தோல் பட்டறை மூலையில் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. முதாசிர் அண்ணன் வேறு இடத்துக்கு வெட்டுவேலைக்குப் போகிறார்.

தசரதன் பிசைந்த சோற்றை உண்ணாமல் எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் கோவளம் போனார். லாயத்தின் பக்கம் ஹரிபிரசாத்தைத் தனியே அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். செவ்வாய்க்கிழமை, ராகு காலம், காலையில் போனது, வீக்கம் ஏறாது என்று சொன்னது, எல்லாம்.  ஹரிபிரசாத் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். பள்ளிக்கு வேண்டிய பூட்ஸையெல்லாம் வடக்கேருந்து வாங்கிட்டேன். இனிமே ரெண்டு மூணு வருஷத்துக்கு வேணாம்."

அவர் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. இனிக் கேட்பவர்களிடம் சரியாகச் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவரால் முடியும். உண்மையைச் சொல்லியாயிற்று, ஆனால் வேளை கடந்து சொன்ன உண்மையால் ஒருவர் அடுப்பு எரிவதில்லை. இதைத் தசரதன் காரில் திரும்பி வரும்போது தெரிந்துகொண்டார்.

சாஜிதாவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று பலநாள் நினைத்தார். ஒருநாள் பம்மல் வரை போய்த் திரும்பினார். பயமும் இருந்தது. அதைவிட, அவள் உடனே பரவால்ல சார் என்று சொல்லிவிடுவாள் என்பதும் தெரிந்தது. அவளிடமிருந்து ஏற்கனவே நிறைய வாங்கியாயிற்று. மன்னிப்பையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்று இருந்தது.

பிறகு நடந்தது பெரிய காரியம் இல்லை. கடைக்கு வருகிறவர்களின் கால்களை அவர் பார்க்கத் தொடங்கினார். அதுவரை வாழ்நாள் முழுக்கப் பார்வையைத் திருப்பிக்கொண்ட மனிதர். பார்த்தால் எத்தனை கால்கள். சர்க்கரை நோயால் வீங்கிய பாதம், விபத்தில் குட்டையான கால், கட்டைவிரல் கோணி எந்தச் செருப்பிலும் நுழையாத கால். எல்லாரும் ஏதோ ஒன்றை வெட்டியோ கயிறு கட்டியோ போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற சவுரிமுத்து குழாய் வாங்க வந்தபோது, செருப்பின் பின்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு வெறும் குதிகால் தரையில் இழுபட நின்றார். தசரதன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. கால் சாயந்தரத்துல ரொம்ப வீங்குமா?"

சவுரிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று தசரதன் பயந்தார். "நாப்பது வருஷம் நின்னுகினே வேலை செஞ்ச காலு சார். இதை யாரும் கேட்டதில்ல" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அனகாபுத்தூர் சந்துக்கு வழி சொன்னார் தசரதன். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த வாசல். யார் அனுப்பியது என்று கேட்டால் யாரோ சொன்னார்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னார். சவுரிமுத்துவுக்கு அடுத்து ஒரு மேஸ்திரியின் மனைவி. பிறகு, பெருமாள் கோயிலில் பூ கட்டும் பெண். பிறகு, கோவளத்திலிருந்து மீன்கூடையோடு வரும் பொன்னியம்மாள்; காலில் எதுவும் நுழையாததால் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பவள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவர்கள் தங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

தை பிறந்தபோது மருத்துவர் சம்மதம் கொடுத்தார். தீபா குதிரை ஏறினாள். இடது பூட்ஸ் வேறாகவும் வலது வேறாகவும் இருந்தன. பின்பக்கக் கயிறு பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். அடுத்த போட்டியில் அவளைச் சேர்க்க முடியாது, ஒரு வருஷம் வீணாகிவிட்டது, பழுப்புக் குதிரையை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். புதுக் குதிரையோடு அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தசரதன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். கைதட்டவில்லை. தட்டும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது தீபா சொன்னாள். சாஜிதா அக்கா இப்போது கம்பெனி வேலையைக் குறைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கால்களுக்கு மட்டும் செய்யலாமா என்று யோசிக்கிறாளாம். முதாசிர் அண்ணன் பட்டறைக்கே திரும்பிவிட்டாராம். "யாரோ அனுப்பிக்கினே கீறாங்க தீபா, யாருன்னே தெரியல, கேட்டா ஒருத்தரும் பேரு சொல்ல மாட்டேங்கறாங்க" என்று சிரித்தாளாம்.

"நல்லா இருக்கட்டும்" என்றார் தசரதன். ரசம் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டபின் சாமி அறைக்குப் போய் விளக்குத் திரியைத் தூண்டினார். அன்றன்று நடந்ததைப் பெருமாளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் படுப்பது அவர் வழக்கம். கடை, வீடு, மகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். அனகாபுத்தூருக்கு ஆள் அனுப்புவதை மட்டும் சொல்லாமல் விழுந்து சேவித்து எழுந்தார்.